எந்தப் பால்?

மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால் என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. ரப்பர் மரங்கள் நின்ற காலத்தில் வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனது பால். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு அந்தப் பால் பெரியவர்கள் பேச்சில் மட்டும் நின்றது. இரண்டாவது, காலையில் கோப்பிக்கும் தேத்தண்ணிக்கும் கரண்டியிலிருந்து வழிகிறதே, தகர டின்னில் வரும் கெட்டியான சீனிப்பால். "கடைக்குப் போயி பாலு வாங்கியா" என்று பிள்ளையை அனுப்பினால் டின்னோடுதான் வரும். மூன்றாவது மாட்டுப்பால். அது சாமி குடிக்கிற பால். அபிஷேகத்துக்கும் பால்குடத்துக்கும் போக, மனிதன் வாயில் அது படுவது தீர்த்தமாக ஒரு கரண்டிதான்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மூன்று தலைமுறை சண்டை சச்சரவில்லாமல் வாழ்ந்தாயிற்று. எந்தப் பால் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்டதில்லை. இடத்தைப் பார்த்தால் தெரியாதா என்ன. புஷ்பவள்ளியைத்தான் அந்தக் கேள்வி நாற்பத்து மூன்றாவது வயதில், மலாக்கா டவுனில், ஏர்கோன் போட்ட ஒரு பல் கிளினிக்கில் வந்து பிடித்தது.

மகள் ஷாமினி நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள். பதினேழு வயது. மேல்வரிசை முன்பல் இரண்டில் இடது பக்கத்துப் பல் மட்டும் மற்றவற்றைவிட மேலே ஏறி, ஈறுக்குள் பதுங்கப் போகிறவன் போல நிற்கும். அந்தப் பல்லுக்காகவே அவள் எட்டு வருடமாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள். கம்பி போட்டால் பல் இறங்கி வரிசைக்கு வந்துவிடும் என்று அரசாங்கக் கிளினிக்கில் பெயரைப் பதிந்து, வருடக்கணக்கில் காத்திருந்து இடம் பிடித்தார்கள். கம்பி போட்டு ஒன்றரை வருடமாகிறது. பல் இறங்கவில்லை. தான் இருந்த இடத்தில் இருந்துகொண்டு, பக்கத்துப் பற்களைத் தன்னோடு மேலே இழுத்துக்கொண்டது. இப்போது ஷாமினி பல்லைக் கடித்தால் முன்னால் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையும். மீ கோரெங் சாப்பிட்டால் நூல்நூலான மீ அறுபடுவதில்லை. கத்தரிக்கோலால் நறுக்கித்தான் தட்டில் வைக்கிறார்கள்.

டாக்டர் கிருபாலன் யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா காலத்திலிருந்தே பேனா பிடித்த குடும்பம். ஆனாலும் நல்ல மனிதர், ஏழைபாழை என்று முகம் சுளிக்காதவர். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் காம்பால் ஷாமினியின் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார்.

"கேக்குதா அம்மா? மத்தப் பல்லெல்லாம் மொத்தையா ஒரு சத்தம். இது மட்டும் பீங்கான் கோப்பையில தட்டின மாதிரி கணீர்னு கேக்குது. இந்தப் பல் எலும்போட ஒட்டிப்போச்சு. நான் எவ்வளவு இழுத்தாலும் இது வராது. இதைப் பிடிச்சுக்கொண்டு மத்ததெல்லாம் மேல ஏறும்."

"இப்ப என்னா செய்றது டாக்டர்?"

"இந்தப் பல்லோட தலையை வெட்டி எடுத்திடலாம். வேரை உள்ளேயே விட்டா அது மெல்ல மெல்ல எலும்பாப் போயிடும். அந்த இடத்துக்கு இப்போதைக்கு ஒரு பொய்ப்பல். இது போனதும் மத்தப் பல்லுகளைக் கீழே கொண்டு வந்திடுவேன். அதுக்கு நான் பொறுப்பு."

"எடுக்கலைன்னா?"

"கம்பியைக் கழட்டிடணும். வச்சிருந்தா இன்னும் கோணும். கழட்டினா பிள்ளைக்கு வாய் இப்படியே நின்னு போயிடும். திரும்ப வரிசையில நின்னு கம்பி போடுறதெல்லாம் கஷ்டம்." அவர் கையுறையைக் கழற்றினார். "இது சின்ன வயசுல விழுந்து, திருப்பி வச்ச பல்தானே? விழுந்தப்போ எதுல போட்டுக் கொண்டு போனீங்க?"

"பால்ல" என்றாள் ஷாமினி, படுத்தபடியே. வீட்டில் எத்தனையோ முறை கேட்ட கதை.

"எந்தப் பால்?"

புஷ்பவள்ளிக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரே விளக்கினார். "வேரைச் சுத்தி மெல்லிசா ஒரு தோல் இருக்கும். பச்சைப் பால்ல போட்டா அது கொஞ்ச நேரம் உயிரோட இருக்கும். சில பேர் தெரியாம, தேத்தண்ணிக்குப் போடுற டின் பால்ல போட்டுக் கொண்டு வந்திடுவாங்க. சீனி அந்தத் தோல்ல உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிடும். தோல் செத்துப்போனா, பிறகு எலும்பு வந்து பல்லைப் பிடிச்சுக்கொள்ளும். அதான் கேட்டேன்."

"பசும்பாலு டாக்டர்" என்றாள் புஷ்பவள்ளி. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஷாமினி மேலே எரிந்த விளக்கைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தாள்.

"அப்படின்னா நேரமாகியிருக்கும். சில பல் அப்படித்தான்" என்றார் டாக்டர். "உங்க கையெழுத்தே போதும். ஆனா அப்பாவையும் கேட்டுட்டு அடுத்த தடவை வாங்க. வரும்போது முடிவோட வாங்க."

அப்பாவைக் கேட்பது. அதிலேதான் இருக்கிறது எல்லா வில்லங்கமும்.

ராமையா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் சாதித்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பல்லை அவர் தேடி எடுத்தார். அது ஒன்று போதும் அவருக்கு. கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்துக்கு அந்தக் கதை வந்துவிடும். மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம், தோட்டத்து லயத்து வீடுகளின் முக்கில், ஒன்பது வயதுப் பிள்ளையின் பல் தெறித்து லாலான் புல்லில் விழுந்ததும், அவர் முட்டி போட்டுப் புல்லை விரலால் கோதிக் கோதித் தேடியதும், முழங்கையெல்லாம் புல் அறுத்ததும், கடைசியில் ஓர் எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் அரிசிமணி மாதிரி அது மின்னியதும், தோட்டத்து மருந்தகத்து டிரெசர் போனில் "கழுவித் தேய்க்காதே, பால்ல போட்டுத் தூக்கிட்டு ஓடு" என்று சொன்னதும், அடுத்த வீட்டுத் தினேஷ்வரன் காரை விரட்டியதும் எல்லாம் வரும். கேட்பவர்கள் 'ச்சூ' கொட்டுவார்கள். ஷாமினியைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லுவார்கள்.

அந்தக் கதையில் வராத சங்கதி ஒன்று உண்டு. பிள்ளையை மோட்டார் சைக்கிளின் முன்னால் நிற்க வைத்து ஓட்டியவர் ராமையா. குறுக்கே ஓடிய ஓர் உடும்புக்காகச் சடக்கென்று பிரேக் பிடித்தவரும் அவரே. ஹேண்டிலில் பிள்ளையின் வாய் மோதியது அதனால்தான். ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. பல்லைத் தேடி எடுத்தது அந்தப் பிரேக்கை மூடி மறைத்துக்கொண்டு நின்றது.

கதையில் வராத இன்னொரு சங்கதி புஷ்பவள்ளிக்கு மட்டும் தெரியும். அன்று அவர் "பாலு, பாலு எடு" என்று கத்திக்கொண்டு பல்லைக் கையில் ஏந்தி ஓடி வந்தபோது, வீட்டில் பசும்பால் இருந்தது. மறுநாள் அபிஷேகத்துக்கு வாங்கி, காய்ச்சாமல், சாமி மேடையில் சொம்பில் மூடி வைத்திருந்தாள். அவள் கை முதலில் சொம்புக்குத்தான் போனது. அந்தப் பல்லில் ரத்தம் இருந்தது, எச்சில் இருந்தது. ஆத்தாவுக்கு வைத்த பாலில் அதைப் போட மனம் துணியவில்லை. ஒரு கணம்தான். கை பின்வாங்கியது. பாலென்றால் பால், எதுவாயிருந்தால் என்ன என்று அலமாரியிலிருந்து டின்னை எடுத்தாள். திறந்து வைத்த டின்னில் எறும்பு மொய்க்கும் என்று புது டின்னாகப் பார்த்து உடைத்து, மார்ஜரின் டப்பாவில் ஊற்றி, பல்லை அதில் அழுத்தி மூடினாள். பிள்ளைக்காகப் புது டின் உடைத்தோம் என்று அவளுக்குள்ளேயே ஒரு திருப்தி எட்டு வருடமாக இருந்தது. இப்போது அந்தத் திருப்தியே முள்ளாகக் குத்தியது.

டப்பாவைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு போனவள் அவள். ராமையா முன்சீட்டில் பிள்ளையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையில் டப்பாவைத் திறந்து பார்த்தது டாக்டர் லிம், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத சீனப் பெண். உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்து புஷ்பவள்ளியை ஒரு தடவை பார்த்தாள். "தாக் அப்பா, காக்" என்றாள். பரவாயில்லை அக்கா, பார்ப்போம் என்று அர்த்தம். பல்லை மருந்துத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினாள். வேலை நேரம் முடிந்த பிறகும் இருந்து, அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பல்லை வைத்துக் கட்டினாள். அந்த நன்றிக்கு, வருடா வருடம் ரம்புத்தான் பழுக்கும்போது ராமையா கொல்லைமரத்து முதல் குலைகளை ஒரு பை நிறையக் கட்டி அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். இப்போது அவள் பாச்சாங்கில் சொந்தக் கிளினிக் வைத்திருக்கிறாள். அங்கேயும் பை போகிறது.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று ராத்திரிச் சோற்றுக்கு நெத்திலிச் சம்பலும் கங்கோங் கீரையும். ஷாமினிக்குக் குழைந்த கஞ்சி. விஷயத்தைக் கேட்டதும் ராமையா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"வெட்டி எடுக்கணுமா? எவன் சொன்னான்?"

"டாக்டர்தாங்க. ஒட்டிப்போச்சாம்."

"ஒட்டுனா நல்லதுதானலா? பல்லுன்னா ஒட்டித்தான் இருக்கணும். ஆடுனாதான் எடுக்கணும். இது என்னா புதுக் கதையா இருக்கு?"

"மத்த பல்லையெல்லாம் இழுத்துருச்சுங்க. நீங்களும் பாக்கிறீங்கதானே, பிள்ளையால ஒரு முறுக்கு கடிக்க முடியல."

"கம்பிய ஒழுங்கா இழுக்கத் தெரியல அவனுக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒன்றர வருசம் போட்டு முறுக்கிட்டு, இப்ப பல்லு மேல பழி போடுறான். புஷ்பா, அது நான் லாலான்ல உருண்டு எடுத்த பல்லு. நான் செத்தாலும் அது அவ வாயில இருக்கும். அத வெட்டி எறிய நான் கையெழுத்துப் போடுவேனா?"

"நான் போட்டாலும் போதுமாம்."

"போடு. நீ போடு பாப்போம்."

இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலைத் தாண்டி அவள் போனதில்லை. ஷாமினி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு வேணாம்ப்பா அந்தப் பல்லு" என்றாள், கையால் வாயை மூடிக்கொண்டு.

"ஒனக்கு என்னா தெரியும்? நீ அன்னிக்கு மயக்கத்துல கெடந்தே."

"மயக்கத்துல இல்லப்பா நான்" என்றாள் அவள் மெதுவாக. அவருக்குக் காதில் விழவில்லை. புஷ்பவள்ளிக்கு விழுந்தது. அவள் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே அன்னம்மா அக்காவின் ஒட்டுக்கடையில் வேலை. மெர்லிமாவ் கடைத்தெருவில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில், ஒரு சீனன் மளிகைக் கடையின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடை. அன்னம்மா அக்கா தோசை ஊற்றுவாள், வடை போடுவாள். தண்ணி கலக்குவது புஷ்பவள்ளி. செம்பனை வெட்டப் போகிறவர்கள், ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள், மோட்டாரை ஆஃப் பண்ணாமலே "தே தாரே ஒண்ணு, பைகட்டு" என்று பையில் கட்டித் தரும் டீக்குக் கத்துகிறவர்கள் என்று எல்லோருக்கும் அவள் கைதான். டின்னின் மேல் இரண்டு பக்கமும் கத்தியால் குத்தி, சாய்த்து, கண்ணாடி கிளாஸின் அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பால் விட்டு, மேலே சாயம் ஊற்றி ஆற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்றைக்குக் கத்தியை டின்னில் வைத்தவள், அதன்மேல் ஒட்டியிருந்த தாளை முதல் தடவையாகப் படித்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அடித்த மழையில் ஆள்வரத்து நின்றது. அன்னம்மா அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னாடி, மூஞ்சி செத்துப் போயிருக்கு? பசியாறுனியா இல்லியா?"

"பசிக்கலக்கா."

"பிள்ள பல்லு விசயமா?"

"அவரு ஒத்துக்க மாட்டேங்குறாரு. வர்ற புதன்கெழம போவணும். முடிவு சொல்லலைன்னா கம்பியக் கழட்டிருவாங்க."

"ஒத்துக்க வை. ஆம்பளைங்ககிட்ட சொல்றதுக்கு ஆயிரம் வழி இருக்கு."

"ஒரு வழிதான்க்கா இருக்கு. அந்தப் பல்லு அன்னிக்கே செத்துப்போச்சு, நீங்க தேடி எடுத்தது வீணுன்னு சொல்லணும். எதுனால செத்துச்சுன்னு கேப்பாரு."

"எதுனால?"

புஷ்பவள்ளி கிளாஸ்களைத் துடைத்துக் கவிழ்த்தாள். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் பாரம் பாதி குறைந்திருக்கும். ஆனால் அன்னம்மா அக்காவிடம் சொல்வது கோயில் மைக்கில் சொல்வதற்குச் சமம். அது மட்டுமில்லை. பிள்ளையின் பல்லைவிடச் சாமியின் பால் பெரிதாகப் போய்விட்டதா உனக்கு என்று அக்கா கேட்டுவிட்டால்? அந்தக் கேள்வியை அவளே அவளைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"அதத்தான் நானும் தெரியாம முழிக்கிறேன்" என்றாள்.

"சொன்னா வெக்கம், அழுதா துக்கம்னு எதையோ வச்சிருக்கே நீ. சரி, வச்சுக்க. நாலு வட கட்டித் தரேன், பிள்ளைக்குக் கொண்டு போ."

"அவளால கடிக்க முடியாதுக்கா."

அக்கா உச்சுக் கொட்டிவிட்டு எழுந்து அடுப்பைக் கூட்டினாள். மழையில் நனைந்தபடி ஒரு பையன் வந்து இரண்டு கோப்பி கேட்டான். புஷ்பவள்ளி டின்னைச் சாய்த்தாள். பால் எப்போதும் போல மெதுவாக வழிந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நாளைக்கு முடிவு சொல்ல வேண்டிய நாள். ராமையா வீட்டு முன்னால் மோட்டார் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஷாமினி பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு வருடத்தில் அந்தப் பிள்ளை ஒரு போட்டோவில் பல் தெரியச் சிரித்ததில்லை என்று புஷ்பவள்ளிக்கு அப்போது தோன்றியது. தோன்றியதும் அழுகை வந்தது. சொல்லிவிட வேண்டும், அடித்தால் அடிக்கட்டும் என்று தீர்மானித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்னாங்க. அந்தப் பல்லு இப்பக் கெட்டதில்ல."

"என்னா?"

"வச்சப்பவே செத்துப்போச்சு. அதுனாலதான் எலும்பு வந்து புடிச்சுக்கிச்சாம். டாக்டரு சொன்னாரு."

சங்கிலி நின்றது. ராமையா எண்ணெய்ப் புட்டியைக் கீழே வைக்கவில்லை. அதைக் கையில் பிடித்தபடியே குந்தியிருந்தார். புஷ்பவள்ளி அடுத்த வார்த்தைக்கு மூச்சை இழுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"லேட்டாயிருச்சா?"

"எதுங்க?"

"நான் தேடுனது. இருட்டிக்கிட்டு வந்துச்சு புஷ்பா. மொதல்ல ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேடுனேன். அங்கயே ரொம்ப நேரம் போயிருச்சு. இந்தப் பக்கம் மொதல்ல பாத்திருந்தா..." அவர் குரல் கம்மியது. "அந்தச் சனியன ஏத்தியே போயிருக்கணும். உடும்புதானே. செத்தா செத்துட்டுப் போவுது. பிள்ளைய முன்னாடி நிக்க வச்சிருக்கேன்னு ஒரு நெனப்பு வேணாமா எனக்கு?"

எட்டு வருடத்தில் முதல் தடவை அவர் வாயில் அந்தப் பிரேக் வந்தது. எண்ணெய்ப் புட்டி சாய்ந்து அவர் கால்மேல் ஒழுகியது. அவருக்கு அது தெரியவில்லை. அந்த மனிதர் அவள் கண்ணெதிரே குறுகிக்கொண்டு போனார். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காமல்தான் அந்த வார்த்தை வந்தது. வேறு எதற்காகவும் இல்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"இல்லங்க. உங்களால இல்ல. வச்சவங்க சரியா வைக்கலயாம்."

ராமையா நிமிர்ந்தார். "யாரு? லிம்மா?"

அங்கேயும் நிறுத்தியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். 'தாக் அப்பா, காக்' என்ற அந்த முகம் நினைவுக்கு வரத்தான் செய்தது.

"ஆமா" என்றாள்.

ராமையாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் உடம்பு நிமிர்ந்தது, குரல் திரும்பியது. "நான் அப்பவே நெனச்சேன். சின்னப் பொண்ணு, தொழில் தெரியாத சீன அமோய். அவளப் போட்டு என் பிள்ள வாயில... அவளுக்குப் போயி வருசா வருசம் பழம் கட்டித் தூக்கிட்டுப் போனேனே, என்னச் செருப்பால அடிக்கணும்." அவர் எழுந்து, எண்ணெய்க் காலோடு வாசலில் முன்னும் பின்னும் நடந்தார். "நாளைக்கு நானே வரேன். எங்க கையெழுத்து போடணும்னு காட்டு. அவ வச்ச பல்லு என் பிள்ள வாயில ஒரு நாளு இருக்கக் கூடாது."

ஷாமினி பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பவள்ளி எண்ணெயைத் துடைக்கத் துணி எடுக்க உள்ளே போனாள்.

புதன்கிழமை ராமையா கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்த வாரம் டாக்டர் கிருபாலன் அந்தப் பல்லின் தலையை எடுத்தார். எடுத்ததை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுக் கேட்டவரிடமே கொடுத்தார். கேட்டவர் ராமையா. அதை விளக்கில் தூக்கிப் பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லிம்மைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அந்தப் பல் போனதும் ஷாமினியின் வாயில் நடந்ததைப் பார்க்க வேண்டும். கட்டவிழ்த்த மாட்டைப் போல மற்றப் பற்கள் இறங்கத் தொடங்கின. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம். கம்பியில் கோத்த பொய்ப்பல் ஒன்று நடுவில் நின்றது. சுண்டுவிரல் போன இடத்தில் ஒரு காகிதம் போகவே கஷ்டமாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மீயைக் கடித்து அறுத்தாள். அறுத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராமையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புஷ்பவள்ளிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு உரிமை இல்லாதது போல இருந்தது.

ரம்புத்தான் பழுத்தது. அந்த வருடம் மரம் சிவந்து தொங்கியது. ராமையா பை கட்டவில்லை. பழம் உதிர்ந்து கொல்லையில் எறும்பு மொய்த்தது. ஒருநாள் அவர் கைப்பேசிக்கு டாக்டர் லிம்மின் குரல் பதிவாக வந்தது. "அங்கிள், தாஹுன் இனி ரம்புத்தான் தாக் அடா கா?" இந்த வருசம் பழம் இல்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே, பாப்பா எப்படி இருக்கிறாள் என்றும் கேட்டிருந்தாள்.

"பாத்தியா புஷ்பா, வெக்கமில்லாம கேக்குறத" என்று அவர் அவள் காதருகில் வைத்து இரண்டு தடவை ஓட்டிக் காட்டினார். பிறகு அந்த நம்பரையே அழித்துவிட்டார். அன்று முழுவதும் புஷ்பவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. பாச்சாங்குக்குப் பஸ் ஏறிப் போய், அந்தப் பெண்ணின் காலில் விழலாமா என்றுகூட நினைத்தாள். போய் என்ன சொல்வது? டப்பாவைத் திறந்து பார்த்தவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் எட்டு வருடம் வாயைத் திறக்காமல் பழம் வாங்கிக்கொண்டவள் அவள்.

அந்த மாதக் கடைசியில் பழைய அடுத்த வீட்டுக்காரர் தினேஷ்வரன் மகன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். செர்காமிலிருந்து சம்பந்தி அம்மாவும் கூட வந்திருந்தார். மரத்துப் பழம் ஒரு தட்டிலும் மிக்சர் ஒரு தட்டிலுமாக எடுத்து வைத்துவிட்டு, புஷ்பவள்ளி அடுப்படிக்குப் போய் டீ கலக்கினாள். ராமையா கதையைத் தொடங்கிவிட்டார். இப்போது கதைக்கு வேறு முடிவு.

"நீதான் காரு ஓட்டுனே தினேசு, நீயே சொல்லு. எவ்ளோ பத்திரமாக் கொண்டுபோயிக் குடுத்தோம்? பால்ல போட்டு, டப்பால மூடி. அந்த அமோய் கையில போனதும் கெட்டுச்சு. நாம செய்ய வேண்டியத செஞ்சோம், அவ செஞ்ச வேலயப் பாரு."

"பாவமே" என்றார் சம்பந்தி அம்மா. "பால்லயா போட்டீங்க? எந்தப் பாலுங்க?"

அந்த அம்மாள் சும்மாதான் கேட்டார். புஷ்பவள்ளி தட்டோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

"சொல்லு புஷ்பா" என்றார் ராமையா.

அவள் வாயைத் திறந்தாள். அறையிலிருந்து ஷாமினி வந்து அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

"பசும்பாலு அத்த" என்றாள். ஒரு கை தட்டில், ஒரு கை தொங்கியபடி. வாயைப் பொத்தவில்லை. "மறுநா அபிசேகத்துக்கு அம்மா வாங்கி வச்சிருந்தாங்க. சாமி மேடையில, சொம்புல மூடி இருந்துச்சு. அம்மா கொஞ்சங்கூட யோசிக்கல. சொம்ப எடுத்து அப்படியே டப்பால ஊத்திட்டாங்க. நான் அடுப்படி வாசல்லதான் உக்காந்திருந்தேன். பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

ராமையா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சாமி பாலா? இத்தன வருசத்துல நீ ஒரு வார்த்த சொல்லலியே புஷ்பா. நான் என்னமோ நாந்தான் செஞ்சேன்னு ஊரெல்லாம் பேசிக்கிட்டு இருக்கேன்."

"பெத்தவன்னா அதான்" என்றார் சம்பந்தி அம்மா. "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. அவளும் ஒரு தாயிதானே."

"இனிமே எல்லார்கிட்டயும் இதச் சொல்லுவேன் பாரு" என்றார் ராமையா.

சொல்லுவார். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லுவார். அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, சாமி பாலை எடுத்த கை இதுதான் என்று காட்டுவார். புஷ்பவள்ளி மகளின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவைக் காப்பாற்றிவிட்டாளா, தண்டித்துவிட்டாளா? அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஷாமினி டீயை எல்லோருக்கும் கொடுத்தாள். ஒரு கிளாஸ் குறைந்தது. அவள் வெறும் தட்டோடு அடுப்படிக்குள் வந்தாள். புஷ்பவள்ளியும் பின்னாலேயே வந்தாள்.

ஷாமினி பழைய டின்னைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள்.

"பாலு முடிஞ்சிருச்சும்மா" என்றாள். "புது டின்னு ஒடைக்கட்டுமா?"

புஷ்பவள்ளி அலமாரியைத் திறந்தாள்.

"இரு" என்றாள். "நானே ஒடைக்கிறேன்."